கல்யாண மண்டபத்தில் வைத்த சார்ஜர்

எங்கள் ஊரில் இரண்டாவது சார்ஜிங் ஸ்டேஷன் வைக்கப் போகிறார்கள். இடம் எது என்று முடிவு செய்ய வியாபாரிகள் சிலர் கூடுகிறார்கள். பழைய நிருபர் என்ற மரியாதையில் எனக்கும் போன் வந்தது. முதல் ஸ்டேஷனுக்கு இடம் பார்த்த கூட்டத்தில் நான் இருந்தேன். பிறகு ஒரு வைகாசிப் பகலில், அந்த இடத்தில் என் அக்காவோடு காத்துக்கொண்டும் இருந்தேன். இரண்டையும் பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

கூட்டம் ஒரு பட்டுக்கடையின் மாடியில் நடந்தது. சேலை விரித்துக் காட்டும் வெள்ளை மெத்தையில் எல்லோரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தோம். கம்பெனியிலிருந்து வந்த இளைஞர் மட்டும் இறுக்கமான பேண்ட்டில் காலை மடக்க முடியாமல் ஒருக்களித்துச் சாய்ந்திருந்தார். அவர் சொன்னதில் சிக்கல் ஒன்றுமில்லை. வேலூர் பக்கம் பெங்களூரு சாலையில் சார்ஜர்கள் வந்துவிட்டன. திண்டிவனம் பக்கம் திருச்சி சாலையிலும் வந்துவிட்டன. இரண்டு சாலைகளுக்கும் குறுக்கே ஆரணி, சேத்துப்பட்டு, செஞ்சி என்று போகிற வழி வெறுமையாகக் கிடக்கிறது. வெகுதூரம் போகிற பேட்டரி கார் நடுவழியில் நின்றுவிடுமோ என்று பயந்தே பலர் இந்தப் பக்கம் வருவதில்லை. ஆகவே ஆரணியில் ஒன்று வேண்டும். கனமான மின் இணைப்பு, எப்போதும் திறந்திருக்கும் வாசல், கார் சார்ஜ் ஏறும்வரை ஆட்கள் உட்கார இடம், கழிப்பறை. இவ்வளவுதான் அவர் கேட்டார்.

புறவழிச்சாலையில் பெட்ரோல் பங்க் வைத்திருப்பவரைப் பார்த்தார்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "நான் பெட்ரோல் விக்கிறவங்க. என் குழிய என்னையே தோண்டச் சொல்றீங்களே."

களம்பூரிலிருந்து வந்திருந்த அரிசி மில்காரர், தன் மில் வாசலில் இடம் தாராளமாக இருக்கிறது, டிரான்ஸ்பார்மரும் சொந்தம் என்றார்.

"உங்க ஊருக்கு நெல்லு லாரி வரும். கரண்டு கார் எதுக்குங்க வருது?" என்றார் பட்டுக்கடைக்காரர். மெத்தை முழுக்கச் சிரிப்பு.

"லாரியும் ஒரு நாள் கரண்டுல ஓடும், பாத்துகினே இருங்க" என்று மில்காரர் முறைத்தார்.

பட்டுக்கடைக்காரர் அதைக் காதில் வாங்கவில்லை. "நான் ஒண்ணு கேக்கறேன். வெளியூர் கார் ஆரணிக்கு இன்னாத்துக்கு வருது? ஒண்ணு, கல்யாணச் சேலை எடுக்க வருது. இல்ல, கல்யாணத்துக்கு வருது. வேற எதுக்கு வருது, சொல்லுங்க?"

எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது உடம்போடு ஒட்டிய எண்ணம். வெளியூர் நம்பர் பிளேட்டோடு ஒரு கார் வந்து நின்றால், டீக்கடைக்காரர் முதல் கேள்வியாக "கல்யாணம் எப்பங்க?" என்பார். வரித்துறை ஆட்கள் சோதனைக்கு வந்த ஜீப்பையே மறித்து, சேலைக்கு நல்ல கடை காட்டுகிறேன் என்று ஒரு புரோக்கர் கூடவே ஓடியதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த எண்ணத்திலேயே இடமும் முடிவானது. சேத்துப்பட்டு போகும் சாலையில் இருக்கிற பெரிய கல்யாண மண்டபம். விரிந்த முற்றம், சொந்த டிரான்ஸ்பார்மர், வரிசையாகக் கழிப்பறைகள். இளைஞர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எப்பவும் தொறந்திருக்குமா சார்?"

"எங்க மண்டபத்து கேட்ட மூடி நீ பாத்திருக்கியா தம்பி?" என்றார் மண்டபத்துக்காரர்.

பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டித் திறந்தார்கள். படத்தோடு செய்தி வந்தது.

இனி அந்த வைகாசி.

எங்கள் தங்கை, சேத்துப்பட்டைத் தாண்டிச் செஞ்சி போகிற சாலையிலிருந்து உள்ளே ஒதுங்கிய ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஒரு சாயங்காலம் மல்லாட்டைக் கொல்லையில் நிலக்கடலை பிடுங்கிவிட்டு வந்தவள், மார் வலிக்கிறது என்று வாசலில் உட்கார்ந்தாள். தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் போய்விட்டாள்.

எங்கள் அம்மா இறந்தபோது அவளுக்கு நடக்கத் தெரியாது. அக்காதான் இடுப்பில் வைத்து வளர்த்தாள். தங்கை கடைசிவரை அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை, அம்மா என்றுதான். அக்கா இப்போது மகனோடு பெங்களூரில் இருக்கிறாள். இடுப்பு எலும்பு முறிந்து தகடு வைத்த பிறகு அவளுக்குப் பயணம் இல்லை. இரண்டு பேரும் போனில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

செய்தி சொன்னபோது அக்கா அழவில்லை. "மொகத்தப் பாக்கணும்டா. நான் வர்றதுக்குள்ள எடுத்துரப் போறாங்க. நீ பாத்துக்கோ" என்றாள்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. பாடை தெருமுனையைத் தாண்டுகிறவரைதான் அவர்களுக்குப் பார்வை. அதற்குள் வந்து சேராத பெண்ணுக்கு முகம் கிடையாது. அதோடு இன்னொரு வழக்கமும் உண்டு. கல்யாணமான பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை வர வேண்டும். கோடி என்பார்கள். அதைப் போர்த்திய பிறகுதான் பாடையைத் தூக்குவார்கள். எங்கள் தங்கைக்குப் பிறந்த வீடு என்றால் அக்காவும் நானும்தான்.

காலையில் என் மனைவியை முதல் பஸ்ஸில் அனுப்பிவிட்டு, நான் சேலை எடுக்கப் போனேன். அக்காவின் கார் ஆரணி வழியாகத்தான் போக வேண்டும். என்னை ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. வழியிலிருந்தே போனில் சொல்லிவிட்டாள். "நூல் சேலை வாணாம். பட்டு எடு. அரக்குல எடு. பச்சை வாணாம், அவளுக்குப் பச்சைன்னா புடிக்காது."

கோடி என்று சொன்னால் கடையில் வேறு அலமாரியைத் திறப்பார்கள். மலிவான நூல் சேலைகள் இருக்கும் அலமாரி. அதனால் நான் எதுவும் சொல்லவில்லை. விற்பனையாள் அரக்குச் சேலைகளை ஒவ்வொன்றாக விசிறிப் போட்டார்.

"பொண்ணு நல்ல கலரா சார்?"

"மாநிறம்."

"அப்ப இது எடுப்பா இருக்கும். மொகத்துக்கு வெளிச்சம் குடுக்கும்."

அதையே எடுத்தேன். மணப்பெண் படம் அச்சடித்த கட்டைப்பையில் போட்டுக் கொடுத்தார்.

மனைவி கிராமத்திலிருந்து கூப்பிட்டாள். "என்னங்க, ராத்திரி காத்துல லைன் அறுந்துபோச்சு. கரண்டு இல்ல. ஐஸ் பொட்டிய ஜெனரேட்டர்ல ஓட்றாங்க, அதுவும் நின்னு நின்னு ஓடுது. ஒடம்பு தாங்காதுன்றாங்க. மூணு மணிக்கு எடுக்கறாங்களாம். அவங்க எங்க வந்துகினு இருக்காங்க?"

வேலூர் தாண்டிவிட்டார்கள் என்றேன். நேரம் நிறைய இருந்தது.

உச்சி வெயிலில் கார் வந்தது. அக்கா மகன் இரவு வேலையிலிருந்து வந்த காரை அப்படியே திருப்பி எடுத்து வந்திருந்தான். முழுச் சார்ஜ் ஏற்ற அவகாசம் இல்லை. நெடுஞ்சாலையில் நின்ற இடத்தில் முன்னால் கார்கள் காத்திருந்தன. முகூர்த்த நாள். கொஞ்சம் மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். இப்போது இருக்கிற சார்ஜில் சேத்துப்பட்டு வரைக்கும்கூட இழுபறிதான். ஆனால் அவன் முகத்தில் கலவரம் இல்லை. போனை என்னிடம் காட்டினான். வரைபடத்தில் ஆரணிக்கு மேல் ஒரு பச்சைப் புள்ளி.

"இங்க காலியா இருக்குது மாமா. அரை மணி போட்டா போதும், போய்ட்டுத் திரும்பியே வந்துரலாம்."

அந்தப் பச்சையை நாங்கள் நம்பினோம். அது பொய்யும் அல்ல. சார்ஜரின் வயர் எந்தக் காரிலும் மாட்டப்படாதவரை அந்தப் புள்ளி பச்சையாகத்தான் இருக்கும். சார்ஜருக்கு முன்னால் என்ன நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது.

மண்டபத்தில் கல்யாணம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. வாசலில் மணமக்கள் சிரிக்கிற பேனர். குலைவாழை கட்ட ஒரு பக்கம் மண்டபத்துத் தூண் இருந்தது, எதிர்ப்பக்கம் தோதாகச் சார்ஜர் நின்றது. கயிற்றைச் சுற்றி ஒரு வாழைமரத்தை அதோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அதன் தார் சார்ஜரின் திரைக்கு மேல் தொங்கியது. அதற்கு முன்னால் பெண் வீட்டாரின் வேன் குறுக்காக நின்றது.

நாங்கள் கண்ணாடியை இறக்கினோம். உள்ளே குளிர் போட்டால் இருக்கிற சார்ஜும் தீரும் என்று அக்கா மகன் ஏசியை நிறுத்தியிருந்தான். பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் ஓடி வந்து, இறக்கிய கண்ணாடி வழியாக அக்காவின் மேல் பன்னீரைத் தெளித்தாள்.

"லேட்டா வர்றீங்களே பெரியம்மா! தாலி கட்டி எவ்ளோ நேரமாச்சு. எறங்குங்க, சாப்புடலாம்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அந்தப் பெண், நான் அக்காவின் மடியில் வைத்திருந்த கட்டைப்பையின் மணப்பெண் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்த காரை நோக்கி ஓடினாள்.

"என்னை எங்கடா இட்டாந்த?" என்றாள் அக்கா.

"சார்ஜர் இங்கதாம்மா இருக்குது."

"கல்யாண வூட்டுலயா?"

"ஆமாம்மா."

"தீட்டோட வந்து இங்க கால் வெக்கக் கூடாதுடா. அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும். நான் எறங்க மாட்டேன். நீங்களும் உள்ள போவாதீங்க."

ஆனால் வேனை எடுக்கச் சொல்ல யாராவது உள்ளே போயே ஆக வேண்டும். நான் போனேன். டிரைவர் பந்தியில் இருந்தார்.

"சாம்பார்ல இப்பதான் சார் கை வெச்சேன். ரசம் மட்டும் ஊத்திக்கினு வந்துர்றேன். பாயசம் வேணும்னா வுட்டுர்றேன்" என்றார். பக்கத்து இலைக்காரர் சிரித்தார். நானும் சிரிப்பது மாதிரி உதட்டை வைத்துக்கொண்டேன்.

மண்டபத்து மேனேஜர் என்னை மறித்தார். "நீங்க பொண்ணு வீடா, மாப்ள வீடா?"

"சார்ஜ் போட வந்தோம். வழியில போறவங்க."

"எந்தப் பக்கம்?"

"செஞ்சி பக்கம்."

"அங்கயும் கல்யாணமா? இன்னிக்கி எங்க பாத்தாலும் கல்யாணம்தான். ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க சார், நல்ல நாளும் அதுவுமா."

வேன் நகர்ந்தது. வாழைத்தாரை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்கா மகன் வயரை மாட்டினான். திரையில் நேரம் வந்தது: அரை மணி. எங்களுக்கு மூச்சு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவன் மறுபடி பார்த்தான். அரை மணி என்பது முக்கால் மணியாக ஏறியிருந்தது. சாப்பாட்டு ஹாலின் ஏசியெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. சார்ஜருக்கு மிச்சம்தான் வந்தது.

அப்புறம் ஒரு சத்தம். ஹாலில் விளக்குகள் அணைந்து, பாட்டு பாதியில் நின்றது. மேனேஜர் வேட்டியை மடித்துக்கொண்டு பேனல் அறைக்கு ஓடினார். விளக்கு வந்தது, பாட்டு வந்தது, சார்ஜரின் திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"ரெண்டும் ஒண்ணா போட்டா ட்ரிப் ஆவுது சார். பந்தி முடியட்டும், போட்டு வுடறேன். பேஜார் பண்ணாதீங்க, சம்பந்தி வூட்டுக்காரங்க குந்திகினு இருக்காங்க."

"எவ்வளவு நேரமாகும்?"

"இந்தப் பந்திதான் சார். கடைசிப் பந்தி."

அங்கிருந்து வாடகைக் கார் ஸ்டாண்டுக்கு நடந்தேன். ஒரு வண்டிகூட இல்லை. நிழலில் உட்கார்ந்திருந்த ஒரே ஒரு ஆட்டோக்காரர், "எல்லாம் முகூர்த்தத்துக்குப் போயிருக்குது சார். நான் சேத்துப்பட்டுக்கு வர முடியாது, இங்க சம்பந்தி வூட்டு சவாரி பேசிவெச்சிருக்காங்க" என்றார். பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பார்த்தேன். சேத்துப்பட்டு பஸ் படிக்கட்டில் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அக்காவால் அதில் ஏற முடியாது. ஏறினாலும், சேத்துப்பட்டில் இறங்கி, அங்கிருந்து கிராமத்துக்கு இன்னொரு வண்டி தேட வேண்டும். நான் மண்டபத்துக்குத் திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகு இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். சார்ஜர் பழுது என்று ஒரு பலகை மாட்டியிருந்தால், வந்ததுமே வேறு வழி தேடியிருப்போம். அது பழுதாகவே இல்லை. அரை மணி என்றது, முக்கால் மணி என்றது, கடைசிப் பந்தி என்றது. ஒவ்வொரு தடவையும், இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று எங்களை உட்காரவைத்தது.

மண்டபத்து வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. தங்கையின் கொழுந்தன். தோளில் துண்டு, கண் சிவந்திருந்தது. என் மனைவி போனில் இடம் சொல்லியிருந்தாள். பேனரையும் வாழைமரத்தையும் பார்த்துவிட்டு, அவர் ஒரு நொடி வேறு இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று விழித்தார். பிறகு கார் ஜன்னலுக்கு வந்தார்.

"அக்கா, இதுக்கு மேல வெக்க முடியாது. ஜெனரேட்டர் ஒரேடியா நின்னுபோச்சு. மொகம் மாறுது. வண்டியில குந்துங்க, மெதுவா ஓட்டிகினு போறேன்."

அக்கா கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள். பைக்கைப் பார்த்தாள். இடுப்பை ஒரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. அக்கா மகன் அவளைப் பிடித்து மறுபடி சீட்டில் உட்காரவைத்தான்.

"முடியாதுடா. அதுல என்னால குந்த முடியாது."

"சரிக்கா. அப்ப கோடியையாவது குடுங்க. நான் எடுத்துகினு ஜல்தி போய்டறேன். அது இல்லாம அங்க ஒண்ணும் நடக்காது. பெரியவங்க எல்லாம் அதுக்குத்தான் காத்துகினு இருக்காங்க."

அக்கா அவரைப் பார்த்தாள். மடியில் இருந்த கட்டைப்பையை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தாள்.

"இது போற வரைக்கும் தூக்க மாட்டாங்கதானே?"

"தூக்க மாட்டாங்கக்கா. அதுக்குத்தான்..."

"அப்ப தரமாட்டேன்."

கொழுந்தன் என்னைப் பார்த்தார். "மச்சான், நீங்க சொல்லுங்க."

நான் அக்காவைப் பார்த்தேன்.

"நான் வர்றேன்னு சொல்லு," என்றாள் அக்கா. "இன்னும் கொஞ்ச நேரத்துல கெளம்பிடுவோம். நான் வந்து, என் கையால போத்தி, மொகம் பாத்தப்புறம் எடுக்கச் சொல்லு. அவள நான் வளத்தேன். ஒரு மணி நேரம் எனக்காக வெக்க மாட்டாங்களா?"

"பொணம் தாங்காதுக்கா."

அந்த வார்த்தை அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பன்னீர்ச் செம்போடு நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். முற்றத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டு பைக்கைத் திருப்பினார். வெறுங்கையோடு போனார்.

சற்று நேரத்தில் மணப்பெண்ணின் அப்பா வெளியே வந்தார். சட்டைப் பையில் மொய்க்கவர்கள் துருத்திக்கொண்டிருந்தன, நெற்றியில் சந்தனம் காய்ந்திருந்தது. காருக்கு நாலடி தள்ளியே நின்றுகொண்டார். கிட்டே வரவில்லை. உள்ளே அக்காவைப் பார்த்தார், மடியில் இருந்த பையைப் பார்த்தார்.

"நீங்க எங்ககிட்ட ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் கேக்கல," என்றார் என்னிடம் மெதுவாக. "உள்ள பொம்பளைங்க காதுக்குப் போனா சகுனம் அதுஇதும்பாங்க. ஏசிய நிறுத்தச் சொல்றேன். போட்டுக்கினு கெளம்பிடுங்க."

அவர் சொன்னபடி செய்தார். ஹாலில் ஏசி நின்றது. "யோவ், வேகுது, ஏசிய ஏன்யா நிறுத்துன?" என்று யாரோ மேனேஜரைத் திட்டுவது கேட்டது. பெண்ணின் அப்பா அதற்கு ஏதோ வேடிக்கையாகப் பதில் சொல்லிச் சமாளித்தார். சார்ஜரின் திரையில் வெளிச்சம் வந்தது. இந்தத் தடவை எண்கள் வேகமாக ஏறின. முதலிலேயே இந்த வேகம் இருந்திருந்தால், நாங்கள் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்போம்.

அக்கா ஒரு தடவை மட்டும் கேட்டாள். "மணி இன்னாடா?" அக்கா மகன் கொஞ்சம் குறைத்துச் சொன்னான். அவளுக்கு அது தெரிந்திருக்கும்.

போதும் என்றதும் வயரைப் பிடுங்கினான். வாழைத்தார் பழையபடி திரை மேல் விழுந்தது. கேட்டைத் தாண்டுகிறபோது, பன்னீர்ச் செம்புக்காரி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

சேத்துப்பட்டு சாலையில் கல்யாண வேன்கள் எதிரே வந்துகொண்டே இருந்தன. அந்தக் காரில் எஞ்சின் சத்தம் கிடையாது. அக்கா பையின் வாயைத் திறந்து, சேலையின் கரையை விரலால் தடவிப் பார்த்து, மறுபடி மூடினாள். காருக்குள் பன்னீர் வாசனை போகவே இல்லை. என் மனைவிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

சேத்துப்பட்டைத் தாண்டி, கிராமத்துக்குத் திரும்பும் மண்பாதையில் இறங்கியதும் அவர்களைப் பார்த்தோம். மோட்டார் கொட்டகைத் தொட்டிப் பக்கமிருந்து பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். எல்லோருடைய தலைமுடியும் ஈரமாக இருந்தது. ஈரப்புடவையோடு, ஒருவரோடொருவர் பேசாமல், பாதையோரமாக நடந்தார்கள். கார் சத்தமில்லாமல் வந்ததால் யாரும் திரும்பவில்லை. பக்கத்தில் வந்த பிறகுதான் விலகினார்கள். அவர்களில் என் மனைவியும் இருந்தாள்.

பாடை தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் பெண்கள் குளிப்பார்கள். அக்காவுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் கண்ணாடி வழியாக அந்த ஈரத் தலைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டு வாசல் கழுவிவிடப்பட்டிருந்தது. தண்ணீர் இன்னும் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அவள் கிடந்த இடத்தில் ஒரு விளக்கு எரிந்தது. அக்கா வாசல்படிவரை மகனைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அதற்கு மேல் போகவில்லை. என் மனைவி ஈரத்தோடு வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"கொஞ்ச முந்திதாங்க அண்ணி. கடேசி வரைக்கும் சொல்லிப் பாத்தேன். கேக்கல."

"கோடி இல்லாமயா எடுத்தாங்க?"

"உங்க பங்காளி வூட்டுப் பெரியப்பா வந்திருந்தாரு. அவரு பொறந்த வூட்டு மொறைதானேன்னு சொல்லி, சேத்துப்பட்டுக்கு ஆள் அனுப்பி ஒண்ணு எடுத்தாரச் சொல்லிப் போட்டாங்க."

அக்கா கையிடுக்கில் இருந்த கட்டைப்பையைப் பார்த்தாள். பிறகு, "இன்னா கலரு?" என்றாள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்குக் காலையில் நடந்த பேச்சு தெரியாது.

"பச்சை, அண்ணி. நல்ல பச்சை."

அக்கா தலையை ஆட்டினாள்.

தெருவில் ஒரு பைக் வந்து நின்றது. கொழுந்தன் இடுகாட்டிலிருந்து எதற்கோ வீட்டுக்கு வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் துண்டை வாயில் பொத்திக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சாவுக்குக் கொண்டாந்த கோடியத் திருப்பி எடுத்துகினு போகக் கூடாதுங்க. குழி இன்னும் மூடலன்னா, மேலயாவது போடச் சொல்லுங்க."

"மூடலியா?" என்றாள் அக்கா கொழுந்தனிடம்.

"மண்ணு தள்ளிகினு இருக்காங்கக்கா."

அக்கா கட்டைப்பையிலிருந்து சேலையை எடுத்தாள். மடிப்பைப் பிரிக்கவில்லை. அதன் மேல் ஒட்டியிருந்த கடைச் சீட்டை நகத்தால் கிள்ளி எடுத்தாள். மண்டபத்தில் யாரிடம் தரமாட்டேன் என்றாளோ, அவரிடமே அதை நீட்டினாள்.

"ஜல்தி போ," என்றாள்.

அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு கையால் ஹேண்டில் பாரைப் பிடித்தபடி கிளம்பினார். பைக் சத்தம் தெருமுனையைத் தாண்டிப் போகிறவரை கேட்டது. அக்கா படியிலேயே உட்கார்ந்தாள். எதிரே காரின் கதவு திறந்து கிடந்தது. இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்று அதன் திரை காட்டிக்கொண்டிருந்தது. பெங்களூரு சாலைவரை போதும்.